36 மணி நேரம், 5 நிமிடம்: போட்டிக்குக் கிளம்பும் மாணவத் தொழில்முனைவோருக்கு

மத்திய அரசு 2017இல் ஸ்மார்ட் இந்தியா ஹேக்கத்தானைத் தொடங்கியது. அதன்பின் ஹேக்கத்தான் என்ற சொல் தெரியாத பொறியியல் கல்லூரி இல்லை. தமிழ்நாட்டில் நான் முதல்வன் திட்டத்தின் நிரல் திருவிழா இருக்கிறது. ஸ்டார்ட்அப்-டிஎன் அமைப்பும் தொழில்முனைவோர் மேம்பாட்டு நிறுவனமும் போட்டிகள் நடத்துகின்றன. இவை போதாதென்று ஒவ்வொரு கல்லூரியின் கண்டுபிடிப்புக் குழுவும் ஆளுக்கொரு பிட்ச் போட்டி வைக்கிறது. ஓ.டி. கிடைக்கிறது, சான்றிதழ் கிடைக்கிறது, சமயத்தில் லட்ச ரூபாய்க் காசோலையோடு போட்டோவும் கிடைக்கிறது. தொழில் மட்டும் அபூர்வமாகத்தான் கிடைக்கிறது.

நடுவரையே வாடிக்கையாளர் என்று நினைத்துக்கொள்வதுதான் இதற்குக் காரணம். நடுவர் கைதட்டுவார், மதிப்பெண் போடுவார், மதியச் சாப்பாடு முடிந்ததும் கிளம்பிவிடுவார். உங்கள் பொருளைக் காசு கொடுத்து வாங்கப்போகிறவர் அந்த அரங்கத்தில் இல்லை. கீழே உள்ளவற்றை இதை நினைவில் வைத்துப் படியுங்கள்.

செய்ய வேண்டியவை

பிரச்சினை இருக்கும் இடத்துக்கு நேரில் போங்கள். மாணவர் அணிகள் சலிக்காமல் கொண்டுவரும் யோசனை ஒன்று உண்டு: விவசாயியையும் நுகர்வோரையும் நேரடியாக இணைக்கும் செயலி. முதல் ஸ்லைடில் ஏர் பிடித்த விவசாயி. இரண்டாவதில் ‘இடைத்தரகர்’ என்று சிவப்பு எழுத்து, அதன்மேல் ஒரு பெருக்கல் குறி. அணியில் ஒருவராவது ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டிலோ கோயம்பேட்டிலோ ஒரு விடியற்காலை நின்றிருந்தால் அந்த இரண்டாவது ஸ்லைடு வந்திருக்காது.

கமிஷன் மண்டிக்காரர் கமிஷன் வாங்குவதோடு நிற்பவரில்லை. விதைக்கும் உரத்துக்கும் முன்பணம் கொடுத்திருப்பார். சாக்கு கொடுத்திருப்பார். வீட்டில் ஒரு கல்யாணம், ஒரு ஆஸ்பத்திரிச் செலவு என்றால் இரவு பத்து மணிக்குக் கேட்டாலும் கைமாற்று கிடைப்பது அவரிடம்தான். வந்த சரக்கில் நல்லதையும் சொத்தையையும் சேர்த்து அன்றைக்கே எடுத்துக்கொள்வார். எதிர்ப்பக்கம் சில்லறைக் கடைக்காரருக்குக் கடனில் சரக்குத் தருபவரும் அவரே. அவர் செய்வது சுரண்டலா சேவையா என்று நாள் முழுக்க வாதிடலாம். ஆனால் இத்தனை வேலைகளில் எதை உங்கள் செயலி செய்யப்போகிறது? உழவர் சந்தை 1999இல் வந்தது, இ-நாம் மின்னணுச் சந்தை 2016இல் வந்தது. அரசே இரண்டு முறை முயன்ற பிறகும் மண்டி நிற்கிறதென்றால், அதைத் தாங்கி நிற்பது எது என்று பார்த்துவிட்டல்லவா கோடு எழுத உட்கார வேண்டும்? பார்த்துவிட்டு வரும் அணி மண்டிக்காரரை ஒழிக்கப் புறப்படாது. அவருடைய பற்று வரவு நோட்டைச் சுலபமாக்கும் சின்னக் கருவி ஒன்றோடு வரும். அதற்கு அவர் மாதம் இருநூறு ரூபாய் கொடுக்கவும் கூடும்.

போனால் கேள்வியைச் சரியாகக் கேளுங்கள். “இப்படி ஒரு ஆப் இருந்தா யூஸ் பண்ணுவீங்களா அண்ணே?” என்று கல்லூரிப் பிள்ளை கேட்டால் யாரும் இல்லை என்று சொல்ல மாட்டார்கள். டீயும் வாங்கிக் கொடுத்து “நல்லா பண்ணுங்க தம்பி” என்று அனுப்பிவைப்பார்கள். அதைக் கொண்டுவந்து ‘50 பேரிடம் கருத்துக்கணிப்பு, 94 சதவீதம் ஆதரவு’ என்று ஸ்லைடில் போடுவது வீண். கடைசியாக இந்தச் சிக்கல் எப்போது வந்தது, அன்றைக்கு என்ன செய்தீர்கள், எவ்வளவு செலவானது என்று கேளுங்கள். பதிலில் ஒரு தேதியும் ஒரு தொகையும் வந்தால் அங்கே பிரச்சினை இருக்கிறது. “அதெல்லாம் எப்பவாவது வரும்” என்றால், அவர் காசு செலவழிக்கும் அளவுக்கு அது அவருக்கு வலிக்கவில்லை.

விதிமுறைகளைக் கடைசி வரிவரை படியுங்கள். முன்பே எழுதிய கோடைக் கொண்டுவரலாமா, செயற்கை நுண்ணறிவுக் கருவிகளுக்கு அனுமதி உண்டா, அணியில் எத்தனை பேர் என்பதையெல்லாம் எல்லோரும் பார்ப்பார்கள். பார்க்கத் தவறுவது உரிமை பற்றிய பத்தியை. நிறுவனங்கள் நடத்தும் சில போட்டிகளில், சமர்ப்பித்த படைப்பை நடத்துபவர் இஷ்டப்படி பயன்படுத்தலாம் என்று ஒரு வரி இருக்கும். வேலைவாய்ப்புக்காகப் போகிறீர்கள் என்றால் பரவாயில்லை. நாளை தொழிலாக்க நினைக்கும் யோசனையோடு அங்கே போகாதீர்கள், வேறொன்றை எடுத்துக்கொண்டு போங்கள்.

படைப்பின் உரிமை யாருக்கு என்று கல்லூரியிடமும் கேட்டு வையுங்கள். 2019இல் வந்த தேசிய மாணவர், ஆசிரியர் புத்தாக்க ஸ்டார்ட்அப் கொள்கை இதற்கு ஒரு வழி சொல்கிறது: பாடத்திட்டத்துக்கு வெளியே, கல்லூரியின் வசதியைப் பயன்படுத்தாமல் மாணவர் உருவாக்கியது மாணவருக்கே சொந்தம், கல்லூரி லேபையும் பணத்தையும் கணிசமாகப் பயன்படுத்தியிருந்தால் கூட்டு உரிமை. உங்கள் கல்லூரி இந்தக் கொள்கையைத் தனக்கென ஏற்று எழுதி வைத்திருக்கிறதா என்று கேளுங்கள். ஸ்டார்ட்அப் வேலையால் வருகைப் பதிவு குறையும் மாணவரை உரிய அனுமதியோடு தேர்வெழுத விடலாம் என்பதும் அதே கொள்கையில் இருக்கிறது. எச்.ஓ.டி.யிடம் பேசும்போது உதவும்.

அணியில் வெவ்வேறு கைகள் இருக்கட்டும். ஸ்மார்ட் இந்தியா ஹேக்கத்தானில் அணிக்கு ஆறு பேர், அதில் ஒருவராவது பெண் என்பது விதி. பல அணிகள் இதை எப்படி நிறைவேற்றுகின்றன என்பது வெட்கக்கேடு: ஐந்து பையன்கள் சேர்ந்து எல்லாவற்றையும் முடிவு செய்துவிட்டு, பதிவு செய்யும் கடைசி நாளில் வகுப்பில் ஒரு பெண்ணைத் தேடுவார்கள். அந்தப் பெண் முதல் ஸ்லைடைப் படித்துவிட்டு ஓரமாக நிற்பார். நடுவர்களுக்கு இது நன்றாகவே தெரியும். சில நடுவர்கள் வேண்டுமென்றே கடினமான கேள்வியை அவரிடம் கேட்பார்கள், அணியின் யோக்கியதை அந்த நொடியில் வெளிப்பட்டுவிடும். ஆறு பேரும் கோடு எழுதுபவர்களாக இருக்கத் தேவையில்லை. கணக்குப் போடத் தெரிந்த பி.காம். மாணவி, அந்தத் தொழில் நடக்கும் வீட்டிலிருந்து வந்த பையன், தெளிவாகப் பேசும் ஒருவர் என்று சேர்ந்த அணிதான் பிட்ச் மேடையில் நிற்கும். ஒரே கிளாஸ், ஒரே ஹாஸ்டல் அறை என்று சேர்ந்த அணிக்கு ஒரே மாதிரிதான் தோன்றும்.

ஹேக்கத்தானின் 36 மணி நேரத்தைப் பின்னாலிருந்து பிரித்துக்கொள்ளுங்கள். சமர்ப்பிக்கும் நேரத்திலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். கடைசி ஆறு மணி நேரத்தில் புதிதாக எதையும் சேர்ப்பதில்லை என்று அணித்தலைவர் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அந்த நேரம் பிழை திருத்தவும் டெமோவை ஒத்திகை பார்க்கவும் வீடியோவாகப் பதிவு செய்யவும் மட்டும். முதல் இரண்டு மணி நேரம் லேப்டாப்பை மூடி வைத்துவிட்டு காகிதத்தில் ஒரே ஒரு பாதையை வரையுங்கள்: பயனாளி எதை அழுத்துகிறார், என்ன வருகிறது, எங்கே முடிகிறது. அந்தப் பாதை மட்டும் முழுதாக ஓடினால் போதும். லாகின் பக்கம், சுயவிவரப் பக்கம், இருண்ட நிறத் தோற்றம் இவற்றுக்கு எந்த நடுவரும் மதிப்பெண் தருவதில்லை. இருந்தும் நள்ளிரவில் பாதி அணிகள் லாகின் பக்கத்தோடுதான் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும்.

முறை வைத்துத் தூங்குங்கள். பிட்ச் பேசப்போகிறவர் கட்டாயம் தூங்க வேண்டும்.

அரங்கத்து வைஃபையை நம்பாமல் போங்கள். சொந்த ஹாட்ஸ்பாட், நீள ஒயர் ஜங்ஷன் பாக்ஸ், புரொஜெக்டருக்கான அடாப்டர், பென் டிரைவில் ஸ்லைடுகளின் பிடிஎஃப். ஸ்லைடில் தமிழ் எழுத்து இருந்தால் வேறொரு கணினியில் திறந்து பாருங்கள். ஃபான்ட் இல்லாமல் கட்டம் கட்டமாக வருவது இன்னும் ஒழியவில்லை. ஹார்டுவேர் அணி என்றால் சாலிடர் செய்த போர்டு, உபரி சென்சார், உபரி பவர் சப்ளை. பிரெட்போர்டில் செருகிய ஒயர் பஸ் பயணத்தைத் தாங்காது.

பிட்ச்சின் ஐந்து நிமிடத்தில் ஒரு மனிதரைக் காட்டுங்கள். ‘இந்தியாவில் விவசாயம் ஒரு முக்கியத் தொழில்’ என்று தொடங்கும் அணி முதல் நிமிடத்தை இழந்துவிட்டது. ராசிபுரம் பக்கத்தில் ஐயாயிரம் கோழி வைத்திருக்கும் ஒருவர், சித்திரை வெயிலில் ஒரு மதியம் ஷெட்டில் சூடு ஏறியதைக் கவனிக்காமல் போனால் அவருக்கு என்ன நட்டம் என்று தொடங்குங்கள். பிறகு உங்கள் கருவி என்ன செய்கிறது, இப்போது அவர் எப்படிச் சமாளிக்கிறார், உங்களுடையது அதைவிட எந்த வகையில் மேல், யார் காசு தருவார், உங்களுக்கு இப்போது என்ன தேவை. இவ்வளவுதான். தேவை என்ன என்பதைச் சொல்லாமலே இறங்கிவிடும் அணிகள் ஏராளம். பணமா, சோதனை செய்ய ஒரு பண்ணையா, ஒரு வழிகாட்டியா என்று வாய்விட்டுக் கேளுங்கள்.

தமிழில் பேசலாமா என்று அமைப்பாளரிடம் முன்பே கேட்டுவிடுங்கள். நடுவர்களுக்குத் தமிழ் தெரியும் என்றால் தாராளமாகத் தமிழில் பேசுங்கள். மனப்பாடம் செய்த ஆங்கிலம் முதல் குறுக்குக் கேள்வியிலேயே உடைந்துவிடும். தன் ஊர்ப் பேச்சில் தன் பொருளை விளக்கும் மாணவர் எந்தக் கேள்வி வந்தாலும் தடுமாற மாட்டார்.

கணக்கைக் காகிதத்தில் போட்டுப் பாருங்கள். அதே கோழிப்பண்ணைக் கருவியை எடுத்துக்கொள்வோம். பாகங்கள் 2,800 ரூபாய், விலை 4,500, ஒன்றுக்கு லாபம் 1,700 என்று ஸ்லைடில் வரும். பெட்டிக்கும் போர்டுக்கும் சாலிடருக்கும் 600 ரூபாய் போடுங்கள். சிம் டேட்டா மாதம் 100 என்று வைத்தால் ஆண்டுக்கு 1,200. பொருத்திவிட்டு வர ஒரு நடைக்கு 500. கோழி எச்சத்திலிருந்து எழும் அம்மோனியாவும் தூசியும் மலிவு சென்சாரை விட்டுவைக்காது. ஆண்டில் ஒருமுறை மாற்ற 700. கூட்டினால் 5,800. கருவிக்கு 1,300 ரூபாய் கைநட்டம், நூறு கருவி விற்றால் ஒரு லட்சத்து முப்பதாயிரம். இந்தத் தொகைகள் நான் உதாரணத்துக்கு வைத்தவை. ஆனால் எல்லா ஹார்டுவேர் அணிகளும் விட்டுவிடும் வரிகள் இவைதான்: டேட்டா, நடை, பழுது. இவற்றைச் சேர்த்துக்கொண்டு, ‘ஆகவே விற்காமல் மாத வாடகைக்கு விடுகிறோம்’ என்று வரும் அணியை நடுவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்து கேட்பார்கள்.

செய்யக்கூடாதவை

ஒரு சதவீதக் கணக்கு வேண்டாம். ‘இந்தச் சந்தை பத்தாயிரம் கோடி, அதில் ஒரு சதவீதம் பிடித்தாலே நூறு கோடி.’ அந்த ஒரு சதவீதம் எந்தத் தெருவில் இருக்கிறது என்று கேட்டால் அணியிடம் பதில் இருக்காது. முதல் பத்து வாடிக்கையாளர் யார், அவர்களை எப்படிச் சென்றடைவீர்கள் என்று சொல்லுங்கள். நாமக்கல் மாவட்டத்தில் மூன்று பண்ணைக்காரர்களோடு பேசிவிட்டோம், ஒருவர் சோதனைக்கு ஒரு ஷெட்டைத் தருவதாகச் சொல்லியிருக்கிறார் என்ற ஒரே வாக்கியத்துக்கு அந்த நூறு கோடி ஈடாகாது.

டெமோவில் பொய் வேண்டாம். பின்னணியில் எதுவும் ஓடாமல், முன்பே எழுதி வைத்த விடையைத் திரையில் காட்டுவது ஹேக்கத்தான்களில் சகஜம். அதைச் செய்வதில் தப்பில்லை, மறைப்பதுதான் தப்பு. ‘இந்தப் பகுதி இன்னும் இணைக்கப்படவில்லை, மாதிரித் தரவைக் காட்டுகிறோம்’ என்று சொன்னால் அரை மதிப்பெண் குறையும். நடுவர் தானாகக் கண்டுபிடித்தால் மிச்சம் இருப்பதையும் நம்ப மாட்டார்.

புரியாத கோடை உங்களுடையது என்று சொல்லாதீர்கள். செயற்கை நுண்ணறிவு எழுதித் தந்ததை விதி அனுமதித்தால் பயன்படுத்துங்கள். ஆனால் ‘ஏன் இந்த மாடலைத் தேர்ந்தெடுத்தீர்கள்? 92 சதவீதத் துல்லியம் என்கிறீர்கள், எந்தத் தரவில் சோதித்தீர்கள்?’ என்ற இரண்டு கேள்விகளுக்கு அணியில் ஒருவருக்காவது பதில் தெரிந்திருக்க வேண்டும். பயிற்சி கொடுத்த அதே படங்களை வைத்தே சோதித்துவிட்டுத் துல்லியம் பேசும் அணிகளை நடுவர்கள் நிறையவே பார்த்திருக்கிறார்கள்.

ஏபிஐ சாவியைக் கோடோடு சேர்த்துக் கிட்ஹப்பில் போடாதீர்கள். அதற்கென்றே தேடிக்கொண்டிருக்கும் தானியங்கி நிரல்கள் உண்டு. கிரெடிட் கார்டு பில் அப்பாவின் பெயரில் வரும்.

பேட்டன்ட் வேண்டுமென்றால் மேடையில் முந்திக்கொள்ளாதீர்கள். இதில் மாணவர்கள் ஏமாந்துபோவது அதிகம், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். இந்தியச் சட்டப்படி கண்டுபிடிப்பு புதியதாக இருக்க வேண்டும். விண்ணப்பிக்கும் முன்பே நீங்கள் அதைப் பொதுமேடையில் விளக்கி, படத்தோடு யூடியூபிலும் ஏற்றிவிட்டால், நாளை உங்கள் விண்ணப்பத்துக்கு எதிராக உங்கள் வீடியோவையே காட்டலாம். அரசு அறிவித்த கண்காட்சிகள் போன்ற சிலவற்றுக்கு மட்டும் 12 மாத விலக்கு உண்டு. உங்கள் கல்லூரி சிம்போசியம் அந்தக் கணக்கில் வராது. வழி எளிது: போட்டிக்கு முன் தற்காலிக விவரக் குறிப்போடு ஒரு விண்ணப்பம் போட்டுவிடுங்கள். தனிநபர் இணையவழியில் போட அரசுக் கட்டணம் 1,600 ரூபாய். அந்தத் தேதி உங்களுடையதாகிவிடும், முழு விவரக் குறிப்பைத் தர 12 மாதம் அவகாசம். பரிசோதனைக் கட்டணமும் எழுதித் தருபவரின் கட்டணமும் தனி.

வெறும் செயலிக்கு இந்தக் கவலையே வேண்டாம். கணினி நிரலுக்கு நிரல் என்ற அளவில் பேட்டன்ட் கிடையாது என்று சட்டத்தின் 3(கே) பிரிவு சொல்கிறது. ‘யோசனையைத் திருடிவிடுவார்கள்’ என்று பயந்து நடுவரிடம் ரகசிய ஒப்பந்தத்தில் கையெழுத்துக் கேட்கவும் வேண்டாம். யாரும் போட மாட்டார்கள். அதே யோசனையோடு அன்று காலையில் மட்டும் நான்கு அணிகள் வந்துபோயிருக்கும்.

போட்டிக்காகக் கம்பெனி பதிவு செய்யாதீர்கள். ‘ஃபவுண்டர் அண்ட் சி.இ.ஓ.’ என்று லிங்க்டின்னில் போட்டுக்கொள்ளும் ஆசையில் இரண்டாம் ஆண்டிலேயே பிரைவேட் லிமிடெட் பதிவு செய்பவர்கள் இருக்கிறார்கள். ஒரு ரூபாய் வியாபாரம் இல்லாவிட்டாலும் ஆடிட்டர் வைக்க வேண்டும், ஆண்டுக் கணக்கைத் தாக்கல் செய்ய வேண்டும். தாமதமானால் படிவத்துக்கு நாளொன்றுக்கு 100 ரூபாய் ஏறிக்கொண்டே போகும். இன்னொரு நட்டமும் உண்டு. ஸ்டார்ட்அப் இந்தியா விதைநிதியில் மாதிரி வடிவமைக்க 20 லட்சம் வரை மானியம் தருகிறார்கள். அதற்கு விண்ணப்பிக்கும்போது நிறுவனம் பதிவாகி இரண்டு ஆண்டுக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது. படித்து முடிப்பதற்குள் அந்த இரண்டு ஆண்டும் ஓடிவிடும். கம்பெனி இல்லாத நிலையில் மாதிரி செய்யப் பணம் வேண்டுமென்றால், மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையின் நிதி-பிரயாஸ் திட்டத்தைப் பாருங்கள். தனிநபருக்கே 10 லட்சம் வரை உண்டு.

நுழைவுக் கட்டணப் போட்டிகளில் கண்ணை மூடிக்கொண்டு சேராதீர்கள். முந்தைய வெற்றியாளர்கள் யார் என்று தேடுங்கள். யாரும் அகப்படவில்லை என்றால் உங்கள் கட்டணம்தான் பரிசுப் பணம், மிச்சம் சான்றிதழ் அச்சுக்கூலி.

நடுவரோடு மல்லுக்கு நிற்காதீர்கள். கேள்வியை எழுதிக்கொள்ளுங்கள். அவர் சொன்னது தவறு என்று உறுதியாகத் தெரிந்தால் ஆதாரத்தை ஒரு வரியில் சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.

கோப்பை சேகரிக்காதீர்கள். ஒரே பிபிடியோடு ஓராண்டு முழுக்க ஊர் ஊராகப் போகும் அணிகள் உண்டு. பத்தாவது மேடையில் பேச்சு வழுக்கிக்கொண்டு போகும், பொருளோ முதல் மேடையில் இருந்த இடத்திலேயே இருக்கும். இரண்டு போட்டிகளுக்கு நடுவே புதிதாக ஒரு வாடிக்கையாளரிடமாவது பொருளைக் கொடுத்துப் பார்த்திருக்காவிட்டால் அடுத்த போட்டிக்குப் பெயர் கொடுக்காதீர்கள்.

பரிசுக்குப் பிறகு

ஹேக்கத்தானில் பிறந்து பிழைத்தவையும் உண்டு. குழு அரட்டைச் செயலியான குரூப்மீ 2010இல் நியூயார்க்கில் டெக்கிரஞ்ச் நடத்திய ஹேக்கத்தானில் உருவானது. அடுத்த ஆண்டே ஸ்கைப் அதை வாங்கியது. சிங்கப்பூரில் பழைய பொருள் விற்கும் கரௌசல் 2012இல் ஒரு ஸ்டார்ட்அப் வீக்கெண்டில் தொடங்கியது. போட்டி முடிந்த பிறகும் அந்த அணிகள் கலையவில்லை. நம் அணிகள் பெரும்பாலும் திங்கள்கிழமை இன்டர்னல் தேர்வோடு கலைந்துவிடுகின்றன.

ஆகவே பரிசு அறிவித்த வாரத்திலேயே உட்கார்ந்து பேசுங்கள்: யார் தொடர்கிறார்கள், யாருக்குக் கேம்பஸ் வேலைதான் முக்கியம், விலகுபவர் எழுதிய கோடு யாருடையது. முகம் சுளிக்காமல் பேசி, எல்லோரும் கையெழுத்திட்டு ஒரு பக்கத்தில் எழுதி வையுங்கள். நான்கு ஆண்டு நட்பு இதனால் கெட்டுவிடாது. எழுதாமல் விட்டுக் கெட்டுப்போன நட்புகள்தான் அதிகம்.

பரிசுப் பணம் பொதுவாக அணித்தலைவரின் வங்கிக் கணக்கில்தான் வரும். 30 சதவீத வரியைப் பிடித்துக்கொண்டு மீதியை அனுப்பும் அமைப்பாளர்களும் உண்டு, அந்த வரியும் அணித்தலைவரின் பான் எண்ணில்தான் ஏறும். லட்சம் என்று அறிவித்தார்களே, பங்கு ஏன் குறைகிறது என்று மற்ற ஐவரும் அவரைச் சந்தேகப்படும் முன், பணம் ஒவ்வொருவர் கணக்கிலும் பிரிந்து வருமா என்று அமைப்பாளரிடம் கேட்டுவிடுங்கள். வராது என்றால் பிடித்தம் போக வந்த தொகையின் ரசீதை அணியின் வாட்ஸ்அப் குழுவில் அன்றே போட்டுவிடச் சொல்லுங்கள்.